டிவிஆர் கத்துகிறதா? டிஸ்க்கை மாற்றும் முன்... (வாசகர் கேள்வி – பதில்)

வீட்டு சிசிடிவி ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்க் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். டிவிஆர் (கேமரா கேபிள் நேராக வந்து சேரும் ரெக்கார்டர்), என்விஆர் (லேன் ஒயர் வழியாகப் படம் பெறும் ரெக்கார்டர்) இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் ஒன்றுதான். மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் நான்கு கேமரா, 1 டிபி டிஸ்க். இருட்டியதும் டிவிஆர் ‘பீப் பீப்’ என்று கத்த ஆரம்பிக்கிறது, விடிந்தால் தானாக அடங்கிவிடுகிறது. டிஸ்க் போய்விட்டது என்று சர்வீஸ்காரர் புதிது மாட்டினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, திரும்பவும் அதே சத்தம். புது டிஸ்க்கும் போய்விட்டதா?
– வாசகர், மதுரை

பழைய டிஸ்க்கே நன்றாகத்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருட்டியதும் தொடங்கி விடிந்ததும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, குறிப்பு அதில்தான் இருக்கிறது. இருட்டினால் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும். பகலில் 0.2 ஆம்பியர் போல இழுக்கும் கேமரா அப்போது 0.4, 0.5 வரை இழுக்கும். பல வீடுகளில் கேமராவுக்கு வைத்த 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பெட்டியிலிருந்தே ஒரு ஒயரை இழுத்து டிவிஆருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஓர் அடாப்டர் மிச்சம், அவ்வளவுதான் லாபம். கேமராக்கள் கூடுதலாக இழுக்கும்போது டிவிஆருக்குப் போகும் 12 வோல்ட் இறங்குகிறது. 3.5 இஞ்ச் டிஸ்க்கின் மோட்டார் ஓடுவது அந்த 12 வோல்ட்டில். அது இறங்கினால் டிஸ்க் ஒரு நொடி நின்று மறுபடி சுழலப் பார்க்கும். அந்த நேரம் டிவிஆருக்கு டிஸ்க் காணாமல் போகிறது, உடனே பீப்.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். டிவிஆரின் மூடியைக் கழற்றி, டிஸ்க்குக்குப் போகும் பவர் ஒயரில் அளவெடுங்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 இருக்க வேண்டும். இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எப்போதும் சரியாகத்தான் காட்டும்; டிஸ்க் ஓடும்போது, கனெக்டரின் பின்பக்கமாக முனையை நுழைத்துத்தான் அளக்க வேண்டும். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருந்தால் சரி. இப்போது எல்லாக் கேமராக்களின் முகத்தையும் கறுப்புத் துணியால் மூடச் சொல்லுங்கள். ஐஆர் எரியும் நொடியில் மஞ்சள் ஒயர் 11-க்குக் கீழே போனால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

டிவிஆருக்குத் தனி அடாப்டர் வாங்குங்கள். ஒரே டிஸ்க் உள்ள நான்கு சேனல் பெட்டிக்குப் பொதுவாக 12 வோல்ட், 2 ஆம்பியர் போதும். பெட்டியின் அடியில் அதிகமாகப் போட்டிருந்தால் அதன்படி வாங்குங்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் அது மட்டுமே 1.5 முதல் 2 ஆம்பியர் வரை கேட்கக்கூடும் என்பதால், 1 ஆம்பியர் ரூட்டர் அடாப்டரைச் செருகி ஒப்பேற்ற வேண்டாம். பெட்டி ஆன் ஆவதும் அணைவதுமாக இருந்து, டிஸ்க்கைக் கழற்றியதும் ஒழுங்காக ஓடினால், அதற்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியது அடாப்டரைத்தான். பழைய அடாப்டரின் உள்ளே கெபாசிட்டர் உப்பியிருந்தால், மீட்டரில் 12 காட்டினாலும் மின்சாரம் சீராக வராது. எனவே வேறொரு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே முடிவான சோதனை. பின் பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை மட்டும் செருகிவிடாதீர்கள். டிவிஆர் போர்டும் டிஸ்க் போர்டும் சேர்ந்தே போகும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து வேலை பார்ப்பதானால் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள். அதன் ஒரு முனையில் 230 வோல்ட் திறந்தபடி இருக்கும்.

அடாப்டர் மாற்றியாகிவிட்டது. இருந்தும் வாரத்துக்கு இரண்டு முறை டிஸ்க் மறைந்து மறைந்து வருகிறது. அடுத்து என்ன?
– வாசகி, ஈரோடு

சாட்டா கேபிள். போர்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய ஏழு பின் ஒயர். மூடியை மூடும்போது அது மடங்கி நசுங்குவது சகஜம். அதை மாற்ற நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. மாற்றும் முன் ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். மெனுவில் ஹார்டு டிஸ்க் பகுதிக்குப் போனால் பெரும்பாலான பெட்டிகளில் ‘ஸ்மார்ட்’ என்றொரு பக்கம் இருக்கும். அதில் 199-ஆம் வரிசை (சில பெட்டிகளில் சி7 என்று இருக்கும்) டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு எத்தனை முறை சிதைந்தது என்பதன் கணக்கு. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. எனவே ‘கேபிள் மாற்றியும் 340-லேயே நிற்கிறது’ என்று கவலைப்பட வேண்டாம், நிற்கத்தான் வேண்டும். ஒரு வாரம் கழித்தும் 340 என்றால் கோளாறு தீர்ந்தது. 360 ஆகியிருந்தால் போர்டிலுள்ள சாக்கெட்டைப் பார்க்க வேண்டும்.

அதே பக்கத்தில் 5, 197, 198 ஆகிய மூன்றையும் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு சிறு பகுதிகள்). 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198 என்பது கைவிடப்பட்டவை. இவற்றில் கடைசியில் உள்ள ‘ரா’ மதிப்பு என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 5-இல் பத்து, பன்னிரண்டு இருந்து, மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் ஓடட்டும். 197 வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கின் மேற்பரப்பே தேய்கிறது என்று பொருள். அப்போது புதிது வாங்குங்கள். ‘சோதனையில் தோற்றாலும் இந்த டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்து’ என்று சில டிவிஆர்களில் ஒரு கட்டம் இருக்கும். யாராவது அதை டிக் செய்து வைத்துப் போயிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சத்தத்தை நிறுத்துவதற்காக அப்படிச் செய்பவர்கள் உண்டு.

பீப் சத்தத்தை மட்டும் நிறுத்த முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

முடியும். ‘எக்ஸெப்ஷன்’ அல்லது ‘அப்நார்மாலிட்டி’ என்ற மெனுவில் ‘ஹெச்டிடி எர்ரர்’ என்பதைத் தேர்ந்து பஸ்ஸரை எடுத்துவிடலாம். ஆனால் காரணம் தெரிகிற வரை எடுக்காதீர்கள். திரையில் லைவ் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும், பதிவு மட்டும் நின்றிருக்கும். தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

டிஸ்க்கில் மீதி இடம் 0 ஜிபி என்று காட்டுகிறது. நிரம்பிவிட்டதா? 1 டிபி வாங்கினோம், 931 என்றுதான் காட்டுகிறது.
– வாசகர், திண்டுக்கல்

இரண்டும் சரிதான். ‘ஓவர்ரைட்’ ஆனில் இருந்தால் நிரம்பிய டிஸ்க்கில் பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருக்கும். மீதி 0-விலேயே நிற்கும். 931 என்பது 1024-ஆல் வகுக்கும் கணக்கு. சர்வீஸுக்குப் போய் வந்தபின் 465 என்று காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும். அது 500 ஜிபி டிஸ்க்.

முன்பு பன்னிரண்டு நாள் பதிவு கிடைத்தது. இப்போது ஐந்தாறு நாள்தான். டிஸ்க் பாதி செத்துவிட்டது என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, திருச்சி

டிஸ்க் அப்படிப் பாதியாகச் சாவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். நான்கு கேமராவும் 2 மெகாபிட்டில் பதிந்தால் 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்க்குக்கு பதினொன்றரை நாள். உங்கள் பன்னிரண்டு நாள் அதுதான். அதே கேமராக்கள் 4 மெகாபிட்டுக்குப் போனால் நாளைக்கு 172.8 ஜிபி, ஆறு நாள்கூட வராது. யாரோ பெட்டியை ரீசெட் செய்திருப்பார்கள், இல்லையேல் கேமராவை மாற்றியதில் பிட்ரேட் ஏறியிருக்கும்.

‘என்கோட்’ அல்லது ‘ரெக்கார்டு பேராமீட்டர்’ பக்கத்தில் வீடியோவைச் சுருக்கும் முறை ஹெச்.264 என்று இருந்தால் ஹெச்.265-க்கு மாற்றுங்கள். 2 மெகாபிக்ஸல் கேமராவுக்கு வாசலில் 2048 கேபிபிஎஸ் (அதாவது 2 மெகாபிட்), ஆள் நடமாட்டம் குறைந்த பின்கட்டு, மாடிப்படிக்கு 1024 வைத்தால் போதும். ஃப்ரேம் ரேட் 25 வேண்டியதில்லை, 15 தாராளம். வண்டி எண் தெரிய வேண்டிய கேட் கேமராவில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

எதிர் வீட்டில் திருட்டு. எங்கள் கேமராவில் பதிவாகியிருக்கும் என்று பார்த்தால், டிஸ்க் ‘அன்இனிஷியலைஸ்டு’ என்கிறது. ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று போனில் சொன்னார்கள். செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கூடவே கூடாது. ஃபார்மட் செய்தால் டிஸ்க் சரியாகும், பதிவு போய்விடும். முதலில் பெட்டியை அணையுங்கள். பிறகு கேமரா கேபிள்களை (என்விஆர் என்றால் லேன் ஒயரை) கழற்றிவிடுங்கள். டிஸ்க் திடீரென்று உயிர் பெற்றாலும் புதிதாக எதுவும் மேலே ஏறக்கூடாது. வேறு அடாப்டர், வேறு சாட்டா கேபிள் போட்டு, அதே டிவிஆரை ஆன் செய்யுங்கள். பவர் கோளாறில் டிஸ்க்கின் அட்டவணையை ஒழுங்காகப் படிக்க முடியாமல் அந்தச் செய்தி வந்திருந்தால் இந்த ஒரு படியிலேயே பதிவுகள் தெரியலாம். தெரிந்தால் வேறு எதையும் தொடாமல் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்கட்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால், நீளமான பதிவைப் பகுதி பகுதியாக எடுக்க வேண்டியிருக்கும்.

தெரியவில்லை என்றால் பலரும் செய்வது, டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டுவது. அங்கே விண்டோஸ் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’, ‘இனிஷியலைஸ் செய்யவும்’ என்று கேட்கும். டிவிஆர்கள் பலவும் தங்களுக்கே உரிய முறையில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அது புரியாது. புரியாததால் கேட்கிறதே தவிர, டிஸ்க் கெட்டதால் அல்ல. கேன்சல் கொடுங்கள். ‘ஓகே’ கொடுத்தால் டிஸ்க்கின் தொடக்கத்தில் அது தன் குறியை எழுதிவிடும், மீட்பு வேலை அதனால் கடினமாகும்.

லினக்ஸ் தெரிந்தவர் கையருகில் இருந்தால், டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் டிஸ்க்கை அதே அளவு அல்லது பெரிய டிஸ்க்குக்கு செக்டர் செக்டராக நகலெடுக்கச் சொல்லுங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் கருவி அது. மேப் ஃபைல் ஒன்றைச் சேர்த்து வைத்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அசலை எடுத்து வைத்துவிட்டு, மீட்பு வேலையெல்லாம் நகலில்தான் நடக்க வேண்டும். டிஸ்க் டிக் டிக் என்று தட்டுகிறது என்றால் இதையும் செய்யாமல் மீட்பு நிலையத்துக்கே கொண்டு போய்விடுங்கள். ஒவ்வொரு ஆனும் சேதத்தைக் கூட்டும்.

பதிவு கிடைத்துவிட்டால் ஒரு சட்ட விஷயம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு வந்திருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் வேண்டும். அதில் கருவியை வைத்திருப்பவர் நிரப்பும் பகுதி ஒன்று, நிபுணர் நிரப்பும் பகுதி ஒன்று. கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்) அதில் இடம்பெறும். எனவே திரையை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். டிவிஆர் தரும் மூல வடிவிலேயே, அதன் பிளேயரோடு சேர்த்து எடுத்துக் கொடுங்கள். டிவிஆர் கடிகாரத்துக்கும் செல்போன் நேரத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

டிவிஆரை ஆன் செய்தால் டிஸ்க் ஏழெட்டு முறை டக் டக் என்று தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. வீடு கடற்கரைப் பக்கம்.
– வாசகர், தூத்துக்குடி

தட்டுவதற்குக் காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது மேலே சொன்ன பவர் குறைவு. நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள மேசைக் கம்ப்யூட்டரில் மாட்டி, சத்தமில்லாமல் சுழன்றால் கோளாறு டிவிஆர் பக்கம்தான். அங்கேயும் தட்டினால் உள்ளே இருக்கும் படிக்கும் முனை போயிருக்கும். அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. மேல் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் மிச்சமும் போகும்.

கடற்கரை என்பதால் மூன்றாவதையும் சொல்கிறோம். டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சை போர்டின் உட்பக்கத்தில், படிக்கும் முனையோடு தொடர்புகொள்ளும் சிறு உலோகப் பட்டைகள் வரிசையாக இருக்கும். உப்புக் காற்றில் இவை கறுத்துப் போகும். வாரண்டி முடிந்த, முக்கியப் பதிவு எதுவும் இல்லாத டிஸ்க் என்றால், டி6 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவரால் போர்டைக் கழற்றி, பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் மாட்டிப் பாருங்கள். பல டிஸ்க்குகள் இதற்கே எழுந்துகொள்ளும். தேய்க்க உப்புத்தாள் எடுக்காதீர்கள், முலாம் போய்விடும். டிவிஆரைத் திறந்த கையோடு உள்ளே எறும்பு குடியேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டின் சூட்டுக்கு வருபவை சாட்டா சாக்கெட் வரை போய்விடும்.

பழைய கம்ப்யூட்டர் டிஸ்க், லேப்டாப் டிஸ்க், எஸ்எஸ்டி இவற்றை டிவிஆரில் போடலாமா? கடையில் 1 டிபி ‘சர்வைலன்ஸ்’ டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– வாசகர், சென்னை

போட்டால் ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பல, ஆண்டுக்கு 2,400 மணி நேரம் ஓடி, 55 டிபி வரை எழுதவும் படிக்கவும் என்று வடிவமைக்கப்பட்டவை. ஆண்டுக்கு மொத்தம் 8,760 மணி நேரம். டிவிஆர் அத்தனையும் ஓடும். நான்கு கேமரா 4 மெகாபிட்டில் ஓடினால் எழுதுவது மட்டுமே ஆண்டுக்கு 63 டிபி. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் போன்றவை 24 மணி நேர ஓட்டத்துக்கு, ஆண்டுக்கு 180 டிபி என்று வருபவை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. கெட்ட செக்டர் ஒன்று எதிர்ப்பட்டால் கம்ப்யூட்டர் டிஸ்க் பல நொடிகள் விடாமல் முயலும். அது அங்கே நல்ல குணம். டிவிஆருக்கோ அதற்குள் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்றாகி, எர்ரர் போட்டுவிடும். கண்காணிப்பு டிஸ்க் சீக்கிரம் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும்.

லேப்டாப் டிஸ்க் 5 வோல்ட்டில் மட்டும் ஓடுவது. அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம். எஸ்எஸ்டி பற்றிச் சொல்லப்படும் பயம் கொஞ்சம் மிகை. 600 டிபி எழுத்துத் தாங்கும் 1 டிபி எஸ்எஸ்டி, ஆண்டுக்கு 63 டிபி என்ற கணக்கில் ஒன்பது ஆண்டு தாங்க வேண்டும். மலிவு வகைகளின் தாங்குதிறன் இதில் பாதிகூட இருக்காது. அதே காசுக்கு இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க் கிடைக்கும்போது வீட்டுக்கு அது வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

பாதி விலை டிஸ்க், ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும், பெரும்பாலும் வேறெங்கோ ஓடிக் கழித்தது. ஸ்மார்ட் பக்கத்தில் 9-ஆம் வரிசை ஓடிய மணி நேரம். புதியதில் 0 அல்லது ஓரிரு மணி இருக்க வேண்டும். 26,000 என்றால் மூன்று ஆண்டு ஓடியது. இந்த எண்ணை அழித்துவிட்டு விற்பதும் நடக்கிறது, அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லேபிளில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் கடையில் நின்றபடியே போட்டுப் பாருங்கள். சாட்டா முனையின் தங்கப் பட்டைகளில் கீறல், ஸ்க்ரூ ஓட்டைகளில் தேய்மானம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிய டிஸ்க் வாங்கும் முன் உங்கள் டிவிஆர் எத்தனை டிபி வரை ஏற்கும் என்பதையும் பாருங்கள். பழைய பெட்டிகள் சில 2 டிபியோடு நின்றுவிடும்.

கரண்ட் போய் வந்தால் தேதி 2000 ஜனவரி 1 ஆகிவிடுகிறது. அந்த நாட்களின் பதிவைத் தேடினால் இல்லை.
– வாசகி, நாகர்கோவில்

பதிவு இருக்கும், 2000-ஆம் ஆண்டில் தேடுங்கள். போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 அல்லது சிஆர்1220, அதன் மேலேயே எழுதியிருக்கும். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.7-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் என்டிபியை (இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் வசதி) ஆன் செய்து, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள், டிஎஸ்டி (கோடைக்கால நேர மாற்றம்) ஆஃப்.

டிவிஆரை அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். சூடு டிஸ்க்கைக் கெடுக்குமா?
– வாசகர், வேலூர்

கெடுக்கும். ஸ்மார்ட் பக்கத்தில் 194-ஆம் வரிசை வெப்பம். மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 55-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், செட்டாப் பாக்ஸை மேலே வைக்காதீர்கள்.

ஆள் வந்தால் மட்டும் பதியும்படி வைத்திருக்கிறோம். பாதி ஆள் உள்ளே வந்த பிறகுதான் பதிவு தொடங்குகிறது. டிஸ்க் மெதுவாகிவிட்டதா?
– வாசகர், சேலம்

டிஸ்க் தூங்குகிறது. ‘ஹெச்டிடி ஸ்லீப்’ என்ற அமைப்பு ஆனில் இருந்தால், வேலை இல்லாதபோது மோட்டார் நின்றுவிடும். திரும்பச் சுழன்று வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அதை ஆஃப் செய்து, ‘ப்ரீ ரெக்கார்டு’ (அசைவுக்கு முந்தைய நொடிகளையும் சேர்த்துப் பதிவது) 5 அல்லது 10 நொடி வையுங்கள். அடிக்கடி நின்று நின்று தொடங்குவது மோட்டாருக்கும் நல்லதல்ல.

வாரண்டியில் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். உள்ளே வீட்டுப் பதிவு இருக்கிறதே?
– வாசகி, தஞ்சாவூர்

நியாயமான கவலை. டிவிஆரில் ஃபார்மட் செய்வது பெரும்பாலும் அட்டவணையை மட்டும்தான் அழிக்கிறது. டிஸ்க் இன்னும் அடையாளம் காணப்படுகிறது என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, ‘குயிக் ஃபார்மட்’ கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். அது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதும். 1 டிபிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். கெட்ட செக்டர் நிறைய இருந்தால் இன்னும் நேரமாகும். டிஸ்க் எழவே இல்லை என்றால் அழிக்க வழி கிடையாது. அந்த டிஸ்க்கில் படுக்கையறை வரை பதிவாகியிருந்தால், வாரண்டியை விட்டுவிட்டு வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். பழையதைத் துளையிட்டு, உள்ளே உள்ள தட்டுகள் சேதமாவதை உறுதி செய்துகொண்டு கழியுங்கள்.